ஒன்றரை மில்லிமீட்டர் சிரிப்பு

"உன்ற முன்பல்லு ரெண்டும் ஒரே நேர்ல இல்ல. தெரியுமா?"

"தெரியாதுங்க."

"இடது பல்லு வலது பல்லுமேல ஏறி நிக்குது. ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும்."

"அப்படிங்களா."

"ஒன்றே முக்காலெல்லாம் வராது. ஒன்றரைதான். கையில அளவுகோல் இல்ல, ஆனா என்ற கண்ணு தப்பாது."

1972 தை மாதம், கல்யாணமான மூன்றாம் நாள், கொள்ளேகாலிலிருந்து மைசூருக்குப் போகிற பேருந்தில் மல்லப்பன் தன் புது மனைவியிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். அதற்கு முன்பு பேசியதெல்லாம் "சோறு போதுமா", "நகரு" என்ற வகை. அதைப் பேச்சில் சேர்க்க முடியாது.

அந்த நேரம் நாச்சம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். முன் இருக்கைக்காரர் மடியில் ஒரு சேவல். அதற்கும் அரை டிக்கெட் எடுக்கச் சொன்னார் கண்டக்டர். சேவலுக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை, சட்டப்படி இலவசம் என்று வாதாடினார் சேவல்காரர். பிறந்த ஊரான கௌதள்ளியிலிருந்து தாலியோடு கிளம்பி வந்த கவலையை மறந்து நாச்சம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். மல்லப்பன் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, அளவைச் சொன்னார்.

மற்ற பெண்களுக்கு அந்த மூன்றாம் நாளில் பூவோ அல்வாவோ கிடைத்திருக்கும். அவளுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கிடைத்தது.

அவள் வாயை மூடினாள். அதன் பிறகு அவர் முன்னால் சிரிப்பு வரும்போதெல்லாம் அவளுடைய இடது கை தானாக எழுந்து உதட்டை மூடியது. இருபத்து நான்கு வருடமாக மூடிக்கொண்டே இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மல்லப்பன் சிரிக்க வைக்கிற மனிதர். மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் அவர் வேலை பார்க்கும் டூல்ரூமில், அதாவது இயந்திரப் பாகங்களை இழைத்து அளக்கிற பட்டறையில், மதியச் சாப்பாட்டின்போது அவர் உட்கார்ந்த மேசைக்குத்தான் இடப் போட்டி. மேனேஜர் நடப்பதை, யூனியன் தலைவர் தும்முவதை, கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேடுவதை அவர் செய்து காட்டினால் ஆட்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அதே கதையை வீட்டில் சொன்னால், நாச்சம்மாள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

போனவள் அங்கே என்ன செய்தாள் என்பது அவருக்குத் தெரியாது. அரிசி டின்னைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்தி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மைசூரிலேயே மல்லப்பனின் நகைச்சுவையை முழுதாக அனுபவித்தது அந்த அரிசி டின்தான்.

வெளியே உட்கார்ந்திருந்த மல்லப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் காலியான நாற்காலி. சில நேரம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏம்புள்ள, ஒண்ணு கேக்கோணும்" என்பார். அவள் எட்டிப் பார்ப்பாள். அவர் கொஞ்சம் விழிப்பார். "ஊறுகாய் இருக்குதா?" என்பார். அல்லது துண்டு எங்கே என்பார். அல்லது தண்ணீர். இத்தனை சின்ன விஷயத்துக்கு இத்தனை பெரிய பீடிகை போடுகிற ஆளை அவள் பார்த்ததே இல்லை.

* * *

எப்போதும் கையால் மூடியே இருக்கும் வாய்க்குள் எது நடந்தாலும் வெளியே தெரியாது. ஏறி நின்ற பல்லுக்கும் அடியில் நின்ற பல்லுக்கும் நடுவே பல வருட வெல்லக் காப்பி தங்கியது. முதலில் ஒரு கறுப்புக் கோடு, பிறகு ஒரு பள்ளம். நாச்சம்மாள் கிராம்பு வைத்துச் சமாளித்தாள். 1996இல் மகள் வைஷாலியைப் பெண் பார்க்க சாமராஜநகரிலிருந்து வந்தவர்களுக்குத் துணையாக ஒரு கோடுபளையைக் கடித்தாள். அரிசி மாவில் வளையம் வளையமாகப் பொரிக்கிற அந்தப் பலகாரம் மைசூரில் செங்கலுக்குச் சமம். 'டக்' என்றது. எது உடைந்தது, பலகாரமா பல்லா என்று யோசிப்பதற்குள், சம்பந்தி அம்மாள் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்ததால், மரியாதைக்காக இரண்டையும் சேர்த்து விழுங்கினாள்.

சம்பந்தம் முடிவானது. மூன்று வாரத்தில் நிச்சயதார்த்தம். அன்று சாயங்காலம் வைஷாலி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வாயைப் பார்த்தாள்.

"அய்யய்யோ! யாக்கம்மா, ஏம்மா இப்படி விட்டே? ரெண்டு பல்லும் பாதிப் பாதியா நிக்குது!"

"சும்மா இரு. உங்கப்பனுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். வீடியோக்காரன் வர்றான், ரெண்டு மணி நேரம் வாயைப் பொத்திட்டே நிப்பியா?"

சரஸ்வதிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது டாக்டர் உமாதேவியின் கிளினிக். டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. புதிதாக வாங்கிய விளக்குக் கருவி ஒன்றைப் பிறந்த குழந்தையைப் போலத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

"எடுக்க வேண்டியதில்லம்மா. வேர் நல்லா இருக்கு. சொத்தையைச் சுரண்டிட்டு, மேலே பல் நிறத்துலேயே அடைச்சு, உடைஞ்ச மூலையையும் கட்டிடலாம்."

"சிமென்ட்டுங்களா?"

"சிமென்ட் இல்ல. பிசின் மாதிரி ஒரு பசை, அதுல கண்ணாடித் தூளு. வைக்கிறப்ப மாவு மாதிரி இருக்கும், எப்படி வேணா வடிவம் பண்ணலாம். இந்த நீல லைட்டை நாப்பது செகண்ட் காட்டினா கெட்டியாயிடும். அப்புறம் அசையாது."

"எப்படி வேணாலும் பண்ணலாமுங்களா?" நாச்சம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப நேரா வெச்சுருங்க டாக்டரம்மா. பேஸ்ட் விளம்பரத்துல வருதே அந்தப் பொண்ணாட்டம். கோடு கிழிச்ச மாதிரி."

"வைக்கலாம். ஆனா உங்க பல் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கட்டினா முகத்துக்கு ஒட்டும். பழைய போட்டோ ஏதாச்சும் இருந்தா அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க. அதைப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

வீட்டில் இரும்புப் பெட்டி கவிழ்க்கப்பட்டது. கல்யாணப் படத்தில் இருவரும் வாயை இறுக மூடி, யாரோ திட்டிவிட்டுப் போன மாதிரி நின்றார்கள். சிரித்தால் படம் ஆடிவிடும் என்று கொள்ளேகால் ஸ்டூடியோக்காரர் பயமுறுத்தியிருந்தார். வைஷாலியின் முதல் பிறந்தநாள்: நாச்சம்மாளின் கை வாயில். சாமுண்டி மலை நந்திக்கு முன்னால்: முந்தானை வாயில். தசரா பொருட்காட்சியில்: பஞ்சுமிட்டாய் வாயில். போன வருடம் எடுத்த வாக்காளர் அட்டையில் அவள் அவளாகவே இல்லை.

"அம்மா, பதினோரு போட்டோ. ஒண்ணுலகூட உனக்கு வாயே இல்ல," என்றாள் வைஷாலி.

வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த மல்லப்பன் கேட்டார்: "எதுக்கு வாயைத் தேடறீங்க?"

வைஷாலி விஷயத்தைச் சொன்னாள். நாச்சம்மாள் அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "பாக்க ஒண்ணுமில்லீங்க. நேரா வெக்கச் சொல்லிட்டேன்."

"நேராவா?"

"ஆமா."

மல்லப்பன் ஒற்றை ஷூவோடு உள்ளே வந்தார். "ஏம்புள்ள," என்றார், "ஒண்ணு கேக்கோணும்."

"என்னுங்க?"

அவர் விழித்தார். "டாக்டர்கிட்ட போறது என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார். வைஷாலி பிறந்த அன்றைக்குப் பிறகு அவர் அரை நாள் லீவு போட்டதே இல்லை.

* * *

வெள்ளிக்கிழமை, டாக்டர் முதலில் அவளை ஜன்னலோரம் நிறுத்தி, வரிசையாகப் பல் மாதிரிகள் கோத்த ஒரு பட்டையை அவள் வாயருகே பிடித்து நிறம் பார்த்தார். பல் ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும், காய்ந்தால் வெளுத்து ஏமாற்றிவிடும் என்றார். பிறகு நாற்காலி, ஊசி. மேலுதடு மரத்து, அடுத்தவர் உதடு போலத் தொங்கியது. பஞ்சுச் சுருள்கள் இரண்டு உள்ளே போயின.

"போட்டோ கொண்டு வந்தீங்களா?"

நாச்சம்மாள் கையை ஆட்டி இல்லை என்றாள்.

"போட்டோ இல்லீங்க டாக்டரம்மா," என்றார் மல்லப்பன். "மாதிரி பீஸ் இருக்குது."

சாப்பாட்டுப் பையைத் திறந்தார். டிபன் டப்பாவுக்கு மேலே, மஞ்சள் துடைப்புத் துணியில் சுற்றிய ஒன்று. பிரித்தார். வெள்ளை நைலானில் இழைத்த இரண்டு பற்கள், ஒவ்வொன்றும் ஒரு தீப்பெட்டி உயரம். இடது பல் வலது பல்லின்மேல் தோள் சாய்ந்து நின்றது. கூடவே நாலாக மடித்த ஒரு வரைபடம். முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், மேலிருந்து தோற்றம். மூலையில் கட்டம் போட்டு அழகான கையெழுத்தில்: 'பொருள்: முன்பல். எண்ணிக்கை: 2. அளவுகள் மில்லிமீட்டரில்.'

டாக்டர் வரைபடத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நெசத்தைவிட அஞ்சு மடங்கு பெருசுங்க. சின்னதா இழைச்சா உங்களுக்கு வளைவு தெரியாது. அகலம் எட்டரை. இடதுபக்கக் கீழ்மூலை கொஞ்சம் உருண்டை. ஏத்தம் ஒன்றரை."

"இதை எதைப் பாத்துப் பண்ணீங்க?"

"எதையும் பாக்கலீங்க. நாவகத்துல இருந்துதான்."

டாக்டர் முனையில் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, உடையாமல் மிஞ்சியிருந்த பல்லின் மேல்பாகத்தில், ஈறை ஒட்டி வைத்துப் பார்த்தார். "ஒன்றரை," என்றார் மெல்ல.

"சொன்னனில்லீங்க!"

நாற்காலியில் கிடந்த நாச்சம்மாளுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இருபத்து நான்கு வருடம்! இந்த மனிதனுக்குக் கல்யாண நாள் நினைவிருந்ததில்லை. மகள் படிக்கிற வகுப்பை மூன்று முறை தப்பாகச் சொன்னவர். ரேஷன் கடைக்கு அனுப்பினால் சீனியை மறந்து வருகிறவர். ஆனால் அவளுடைய குறையை மட்டும் மூலைமுடுக்கு விடாமல் மண்டைக்குள் பூட்டி வைத்து, ஐந்து மடங்கு பெரிதாக்கி, ஊரார் பார்க்க இழைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்!

"அம்மா, வாய் உங்களோடது," என்றார் டாக்டர். "சார் கொண்டு வந்த மாதிரியா, நேராவா? விரலால காட்டுங்க."

நாச்சம்மாள் ஒற்றை விரலை உத்தரத்தை நோக்கி நிறுத்தினாள். நேர் என்றால் அப்படி ஒரு நேர்.

மல்லப்பன் நைலான் பற்களைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வேலை தொடங்கியது. சொத்தை சுரண்டப்பட்டது. நீலமாக ஒரு புளிப்பு மருந்து தடவப்பட்டு, கழுவப்பட்டு, காற்றடித்துக் காய வைக்கப்பட்டது. பசை பூசப்பட்டது. டாக்டர் கரண்டி போன்ற சின்னக் கருவியால் வெள்ளை மாவை எடுத்து அப்பி, நேராக இழுத்துவிட்டு, ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, விளக்கின் துணியை விலக்கினார்.

அந்த விநாடி கீழே ஜெராக்ஸ் மெஷின் பெருமூச்சு விட்டு அடங்கியது. "கரென்ட் ஹோய்த்து!" என்று மின்சாரம் போனதை, ஏதோ ரயில் வருகைபோல அறிவித்தபடி கடைக்காரரின் குரல் மேலே வந்தது.

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "மாவு இன்னும் இறுகலம்மா. வாயை மூடாதீங்க, பேசாதீங்க, எழுந்திருக்காதீங்க. பத்து நிமிஷத்துல வந்துடும்." ஜன்னல் வெளிச்சம் படாமல் தடுப்பை அவள் வாய்க்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

நேரம் போக வேண்டுமே. "ஏன் சார்," என்றார், "நேரா வெச்சா நல்லாத்தானே இருக்கும்? உங்களுக்கு என்ன கஷ்டம்?"

மல்லப்பன் துணி மூட்டையை மடியில் உருட்டினார். நாச்சம்மாள் நாற்காலியில் கிடக்கிறாள். எழுந்து சமையலறைக்குப் போக முடியாது. இப்படி ஒரு வாய்ப்பு அவருக்கு இந்தக் கல்யாணத்தில் கிடைத்ததே இல்லை.

"டூல்ரூம்ல தெனமும் நானூறு பீஸ் பாக்கறனுங்க. எல்லாம் நேரா இருக்கும். இருந்தாத்தான் பாஸ். சாயங்காலம் சைரன் அடிச்சா ஒண்ணும் நாவகம் இருக்காது. அன்னிக்கு பஸ்ஸுல ஒரு சேவலுக்கு டிக்கெட் கேட்டாங்கன்னு இவ சிரிச்சா பாருங்க..." அவர் நிறுத்தி, தொண்டையைச் செருமினார். "யாரும் அளக்கச் சொல்லல. கண்ணு தானா அளந்துருச்சு. இன்னிக்கு வரைக்கும் அழியல."

"இதை இவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னனுங்களே! அங்கயே, பஸ்ஸுலயே சொன்னேன். ஒன்றரை மில்லிமீட்டருன்னு."

"அளவைச் சொன்னீங்க சார். புடிச்சிருக்குன்னு சொன்னீங்களா?"

மல்லப்பன் உண்மையாகவே குழம்பினார். "அளவு சொன்னா அதுதானுங்களே? எங்கள்ள வேண்டாத பீஸை யாருங்க அளப்பாங்க? ஒருத்தர் கையில எடுத்து, வெளிச்சத்துல திருப்பி, அரை மில்லி வரைக்கும் சொல்றாருன்னா, அதுக்குமேல என்னத்தப் பாராட்டறது? எங்க ஃபோர்மேன் இருவது வருசத்துல என்ற வேலையை ரெண்டு தடவைதான் அளந்தாரு. ரெண்டு நாளும் நான் தூங்கலீங்க."

"அவங்க டூல்ரூம்ல வேலை செய்யல சார்."

"ஆ," என்றாள் நாச்சம்மாள். "ஆ... ஆ..."

"பேசாதீங்கம்மா, மாவு நகரும்!"

மல்லப்பன் ஸ்டூலிலிருந்து எழுந்து கிட்டே வந்தார். அவர் முகத்தில் நாற்பது பேரைச் சிரிக்க வைக்கிற மனிதனைக் காணவில்லை. "இவளுக்கு நான் சொல்ற ஜோக்கெல்லாம் புடிக்காதுங்க டாக்டரம்மா. ஃபேக்டரியே சிரிக்கும், இவ எந்திரிச்சுப் போயிருவா. சரி, அது அவ இஷ்டம். ஒரு தடவை பாத்தது போதும்னு நெனச்சுக்கிட்டேன். அதையும் அழிச்சு நேராக்கிட்டா, அப்புறம் எனக்கு என்ன இருக்குதுங்க?"

நாச்சம்மாளின் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. மல்லாந்து படுத்து அழுவதில் இது ஒரு தொல்லை. அரிசி டின்னைப் பற்றி இவரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. இருபத்து நான்கு வருடத்துப் பதில் நாக்கு நுனியில் நிற்க, வாயில் பஞ்சும் ஈர மாவும். மடையா, புடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு என்னய்யா வந்துச்சு? நாலே எழுத்துக் கூடுதலாப் பேசியிருந்தா எத்தனை வருசம் மிச்சமாகியிருக்கும்!

கையை நீட்டி அவர் மடித்துப் பிடித்திருந்த மூட்டையைப் பிடுங்கினாள். துணி அவிழ்ந்தது. நைலான் பற்களை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். உருண்ட அந்தக் கீழ்மூலை! அது அவளுக்கே மறந்துவிட்டிருந்தது. இரண்டு பல்லும் பேருந்து நெரிசலில் ஒரே இருக்கையைப் பங்குபோட்ட இருவர் மாதிரி, இடித்துக்கொண்டும் விலகாமலும் இருந்தன. வரப்புபோல ஒரு இடத்தில் அரம் வைத்த தடம். அதையும் உப்புத்தாளால் தேய்த்து, தேய்த்து மழுக்கியிருந்தார்.

அதை டாக்டரின் கையில் வைத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இதுபோலவா?"

"ஆ," என்றாள்.

"நல்ல வேளை, கரென்ட் போச்சு," என்றார் டாக்டர். நேராக இழுத்திருந்த ஈர மாவை வழித்து மீண்டும் அப்பி, இடது பல்லை வலதின்மேல் மெல்லச் சாய்த்தார். மல்லப்பன் தோளுக்குப் பின்னால் நின்று, "இன்னும் சித்த, இன்னும் சித்த... நிறுத்துங்க! அவ்வளவுதான்," என்று பின்னால் வருகிற லாரிக்கு வழி காட்டுகிற ஆளைப்போலச் சொன்னார். கீழே ஜெராக்ஸ் மெஷின் உறுமியது. நீல வெளிச்சம் விழுந்தது. நாற்பது விநாடியையும் மல்லப்பன் வாய்க்குள் எண்ணினார். பிறகு அடுத்த அடுக்கு. பிறகு அதற்கும் அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் நாற்பது விநாடி. கடைசியில் சின்னச் சின்ன வட்டத் தகடுகளால் இழைத்து, பளபளப்பாக்கி, கோடு போட்ட கம்பியை மறுபடி வைத்துப் பார்த்தார் டாக்டர்.

"ஒன்றரை."

"பாஸ்," என்றார் மல்லப்பன். "எண்ணிக்கை ரெண்டு, ரிஜெக்ட் இல்ல."

டாக்டர் பஞ்சை எடுத்து, நாற்காலியை நிமிர்த்தி, கைக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார். நாச்சம்மாள் பார்த்தாள். கௌதள்ளியிலிருந்து கிளம்பிய பெண் கண்ணாடிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள், தலையில் நாலு நரையோடு. பக்கத்தில் அவள் புருஷன், தீப்பெட்டி உயரப் பற்களை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கோவிலில் தேங்காய் மூடி வாங்கியவர்போல நின்றிருந்தார்.

அவளுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. இங்கே அரிசி டின் இல்லை. மேலுதடு மரத்திருந்ததால் சிரிப்பு வாய்க்கு வந்து சேர்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனால் இடது கைக்குத் தெரிந்தது. அது பழக்கம்போல எழுந்து வாயை மூடியது.

மல்லப்பன் தொண்டையைச் செருமினார்.

"ஏம்புள்ள, ஒண்ணு கேக்கோணும்."

"தண்ணியா?" என்றாள் கைக்குள்ளிருந்து. "அந்தா, குழாய் அங்க இருக்குது."

"தண்ணியில்ல."

"துண்டு பையில இருக்குதுங்க."

"துண்டுமில்ல." அவர் நைலான் பற்களை ஸ்டூலில் வைத்தார். வைத்த கையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் பேன்ட்டில் துடைத்தார். குழாயடியில் நின்ற டாக்டர் தண்ணீரை நிறுத்திவிட்டு, திரும்பாமலேயே நின்றார்.

"பின்ன என்னதானுங்க வேணும்?"

"அந்தக் கையை எடுத்துட்டு ஒருக்காச் சிரி, நாச்சா."